பின்னால் நின்று கதவு பூட்டியவர்

தினமும் நடக்கச் சொல்லி டொக்டர் உத்தரவு. அதனால் கால்வாய்க் கரைக்குப் போகிறேன். இன்று ஒரு படகு, தண்ணீரை ஏற்றி இறக்கும் லொக் தொட்டியைத் தாண்டிப் போக, ஒரு பெண் மட்டும் பின்தங்கி நின்று அந்தப் பெரிய மரக்கதவை முதுகால் தள்ளிப் பூட்டினாள். ஊறிய மரமும் பாசியும் கலந்த வாசம். சபா அண்ணையின் நினைவு வந்துவிட்டது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், டூட்டிங்கில் நாங்கள் ஒரே அறை. அவருடைய அகதி விசாரணைக்கு முதல்நாள், ஊரில் அவர் அம்மா காலமான செய்தி போனில் வந்தது. எடுத்தவன் நான். விசாரணையில் குழம்பிவிடுவாரே என்று ஒருநாள் மறைத்தேன். பெரிய ஞானி என்று நினைப்பு! மறுநாள் சொன்னபோது ஊரில் தகனமும் முடிந்திருந்தது. அண்ணை பெட்டியைக் கட்டிக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் இருக்கிற குட்மேய்ஸுக்குப் போய்விட்டார்.

இருபது வருடம் பேச்சில்லை. பிறகு பழைய மாணவர் சங்கத்தின் படகுப் பயணத்தில் இருவரும் அகப்பட்டுக்கொண்டோம். மற்றவர்கள் உள்ளே மட்டன் ரோல்ஸோடு மும்முரம். சுக்கான் எப்படியோ என் கைக்கு வந்தது. கடல் கடந்து வந்தவன், இடுப்பளவுத் தண்ணீரில் நடுங்கினேன். படகு லொக்குக்குள் நுழைந்ததும், அண்ணை கரையில் நின்று தண்ணீரைத் திறந்துவிடும் இரும்புப் பிடியைச் சுற்றினார். தண்ணீர் வடிய வடியப் படகு இறங்கியது. ஈரச்சுவர்களுக்கு நடுவே நான், மேலே அவர். அண்ணாந்து சொன்னேன்.

“அண்ணை, அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்.”

“ஓம். சொல்லியிருக்க வேணும்.” இரும்புப் பிடியைக் கழற்றி இடுப்பில் செருகினார். “சரி, நீ போ. நான் பூட்டிப்போட்டு வாறன்.”

கரையோரமாக ஓடிவந்து, அடுத்த பாலத்தடியில் மூச்சு வாங்க ஏறி, என் பக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் அவர் போன் வரும்.

போன மாசியில் எனக்கு இருதய ஒப்பரேஷன். வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, “அண்ணை ஏன் போன் எடுக்கேல்லை?” என்று மகளிடம் கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள்.

“சபா அங்கிள் இல்லையப்பா. உங்கட ஒப்பரேஷனுக்கு முதல்நாள்... எப்பிடிச் சொல்லுறது? பியூனரலும் முடிஞ்சுது.”

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. என் நன்மைக்குத்தான் மறைத்தாள், தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. அண்ணைக்கு ஏன் இருபது வருடம் தேவைப்பட்டது என்று அப்போதுதான் விளங்கியது. இதை அவருக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாரே என்று போனைக்கூட எடுத்துவிட்டேன்.

இன்று அந்தப் பெண் அடுத்த பாலத்தடிக்கு ஓடிப்போய்ப் படகைப் பிடித்துவிட்டாள். நான் பின்னால் நடந்துபோய்க் கொஞ்சநேரம் அந்தப் பாலத்தடியில் நின்றேன். ஒருவரும் வரவில்லை.