சேசிஸ் நம்பர் இல்லாத சிவப்புக் கார்

முனிராஜ் அந்தக் காரை முதலில் பார்த்தபோது அதன் மேல் கோழிகள் ஏறி நின்றன. தொப்பூர் கணவாய்க்குக் கீழே அவன் வெல்டராக இருக்கும் லாரிப் பட்டறையின் பின்புறம், முட்புதருக்குள் அது ஒன்பது ஆண்டுகளாகக் கிடந்தது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, ஃபைபர் உடம்பு. கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று பின்னாலிருந்து தள்ளியதில் தடுப்புச் சுவரில் மோதி முன்பக்கம் நசுங்கியிருந்தது. ஓட்டிவந்த சேலத்துப் பல் மருத்துவர் கை முறிவோடு தப்பினார். காரை எடுக்க அவர் வரவே இல்லை.

முனிராஜ் சேலம் போய் அவரைப் பார்த்தான். அவர் ஆர்.சி. புத்தகத்தையும் கையெழுத்திட்ட படிவங்களையும் கொடுத்து, "உனக்கு வேற வேலை இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டார். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தக் காரைத் தன் பெயருக்கு மாற்றி, அது மோதி நின்ற அதே கணவாயில் மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை. ஞாயிறுதோறும் அவன் அங்கேயே இருந்தான். முதலில் அடிச்சட்டத்தில் கை வைத்தான். லாரிப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. வளைந்த சட்டத்தை நிமிர்த்த மாட்டார்கள். நிமிர்த்திய இரும்பு பாரம் ஏறியதும் அதே இடத்தில் மறுபடி வளையும். வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டைப் பற்றவைப்பார்கள். முனிராஜும் அதையே செய்தான். முன்பக்க வலது சட்டத்தில் இரண்டு அடியை வெட்டி எடுத்து, புதிய இரும்பை வைத்துப் பற்றவைத்து, இணைப்பு தெரியாதபடி தேய்த்துவிட்டான்.

வெட்டிய துண்டு பழைய இரும்பு டிரம்முக்குப் போனது. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அந்த டிரம்மை விற்றுப் பொரியும் பூசணிக்காயும் மாலையும் வாங்குவார்கள். அந்த ஆண்டு வாங்கிய மாலைகளில் ஒன்றை அவன் காரின் மூக்கில் கட்டினான்.

பிறகு மூன்று ஆண்டுகள் போயின. முன் கண்ணாடி எங்கும் கிடைக்கவில்லை. சேலத்தில் ஒருவர் வேன் கண்ணாடியை அளவெடுத்து வெட்டிக் கொடுத்தார். முதல் இரண்டும் விரிசல் விட்டன. இறுகிப்போன என்ஜினைப் பிரிக்க ஒரு கோடைகாலம் ஆனது. பெயின்ட் அடிப்பதற்காகக் காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் பாப்பாரப்பட்டிக்கு அருகிலுள்ள வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவன் அப்பா தீர்த்தகிரி மாடுகளை ஒரு பக்கமாகக் கட்டிக் கொட்டகையில் பாதியைக் கொடுத்தார்.

"முனிராஜு, கூரை எங்கடா?" என்று ஊரில் கேட்டார்கள். "மழ வந்தா கொட புடிச்சிக்கினு ஓட்டுவியா?"

"நம்மூர்ல எங்கண்ணா மழ வருது" என்பான் அவன்.

இந்த ஆண்டு தை மாதம் என்ஜின் ஓடியது. மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. மறுநாளே முனிராஜ் தருமபுரியில் வண்டிப் பதிவு வேலைகளைச் செய்துதரும் தர்மனைப் போய்ப் பார்த்தான்.

தர்மன் காகிதங்களைப் புரட்டினார். "எல்லாம் இருக்குது. சேசிஸ் நம்பருக்கு பென்சில் பிரிண்ட் மட்டும் எடுத்துக்கினு வா தம்பி."

சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் பதியும். லாரிகளுக்கு அவன் பல முறை எடுத்திருக்கிறான். இந்தக் காரில் எண் எங்கே என்று தர்மனிடம் கேட்டான். அவர் ஆர்.சி.யைப் பார்த்து யாருக்கோ போன் செய்தார்.

"முன்னாடி, வலது பக்கச் சட்டத்துல."

வீட்டுக்கு வந்து காருக்கு அடியில் படுத்தான். அவன் வைத்த புதிய இரும்பு கறுப்பு பெயின்டில் மழமழவென்று இருந்தது. பழைய சட்டத்தை வெட்டிய அன்று அதன் மேல் துருவும் சேறும் அப்பியிருந்ததும், துடைத்துப் பார்க்காமல் வெட்டியதும் நினைவுக்கு வந்தன. லாரியில் எண் இருக்கும் இடத்தை எந்த வெல்டரும் தொட மாட்டான். கார் என்பதால் அவனுக்குத் தெரியவில்லை.

பழைய இரும்புக் கடையில் விசாரித்தான். கடைக்காரர் சிரித்தே விட்டார். "மூணு வருசத்துக்கு முந்தின இரும்பா? அது எங்கயோ கம்பியாகி, எவன் வூட்டு மாடியிலயோ இருக்குது."

பட்டறையில் கூட வேலை செய்யும் அர்ச்சுனன் எழுத்துக் குத்தும் உளிகளை எடுத்து வந்தான். "ஆர்.சி.ல நம்பர் இருக்குதில்ல? அர மணி நேர வேல. வூட்டுக்கு வந்து நானே குத்தித் தரேன்."

முனிராஜ் முதல் எழுத்துக்கான உளியை எடுத்து அதன் முனையைப் பார்த்தான். பிறகு பெட்டியில் போட்டான்.

"ஏண்டா?"

"திருட்டு வண்டிக்குத்தான்டா இப்புடிக் குத்துவாங்க. இது என் வண்டி."

காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றி, வாகன ஆய்வு நடக்கும் மைதானத்துக்கே கொண்டுபோய் நடந்ததைச் சொன்னான். ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண். தரையில் குந்தி, டார்ச் அடித்து, விரலால் சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"வெல்டிங் யாரு?"

"நாந்தாங்க மேடம்."

"ஜாயின்ட்டே தெரியலயே. பழைய இரும்புல ரெண்டு எழுத்து மிச்சம் வச்சிருந்தாக்கூட ஏதாவது பண்ணியிருக்கலாம் தம்பி."

"என்ஜின் நம்பர் சரியா இருக்குதுங்க."

"என்ஜின யாரு வேணா மாத்திக்கலாம். இது அந்த வண்டிதான்னு நான் எதை வச்சு எழுதறது? கம்பெனில லெட்டர் வாங்கிட்டு வாங்க. பெர்மிஷன் போட்டு மறுபடி குத்தலாம்."

"கம்பெனிய மூடிட்டாங்க மேடம்."

அவர் காகிதங்களை அடுக்கி அவனிடமே கொடுத்தார். அடுத்து ஒரு பள்ளி வேன் நின்றிருந்தது.

அவன் திரும்பி வந்தபோது தீர்த்தகிரி மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். சேற்றுக் காலோடு வந்தார்.

"என்னா சொன்னாங்க?"

"ஆவாதாம்ப்பா. ரோட்டுல ஓட்டக் கூடாதாம்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

தீர்த்தகிரி காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அதுவரை அவர் அதைத் தொட்டதில்லை. துண்டால் காலைத் துடைத்துவிட்டு இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். இருக்கை அவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை போலும், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எடு."

"எங்கப்பா?"

"போற வரைக்கும் போலாம்."

கொட்டகையிலிருந்து வேலிப் படல் வரை மரவள்ளிக் கொல்லையை ஒட்டி வண்டித் தடம் உண்டு. நூறு அடி இருக்கும். முதல் கியரிலேயே போனார்கள். படலுக்கு வெளியே பஞ்சாயத்துத் தார் ரோடு. டவுன் பஸ் ஒன்று கடந்தது; உள்ளிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முனிராஜ் பிரேக்கை மிதித்தான். முன் சக்கரங்கள் தாருக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றன.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்ப்பா."

ரிவர்ஸ் கியர் உடனே விழவில்லை. இரண்டாம் முறை விழுந்தது. தீர்த்தகிரி உடம்பைத் திருப்பி, பின்னால் ஆடு ஏதும் நிற்கிறதா என்று பார்த்தார்.

"வா" என்றார். "வா, வா. வரலாம்."