வால் வெட்டிய குல்லா

என் மகளுக்கு இமாசலத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. சனிக்கிழமை காலையில் பஸ். அங்கே டிசம்பரில் குழாய்த் தண்ணீரே உறைந்துபோகுமாம். ஆரணியில் உட்கார்ந்துகொண்டு என்னால் முடிந்தது ஒரு மஃப்ளரும் ஒரு குல்லாவும்தான்.

உல்லன் வாங்கவேண்டும் என்றதும் என் வீட்டுக்காரர் வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். "மூட்டை கட்டி வெச்சிகினு இன்னும் இன்னாத்துக்கு வாங்கணும்? இருக்கறத மொதல்ல தீத்துடு." அவர் பட்டுத் தறிக்காரர். பட்டுக்கு இருக்கிற மரியாதை என் உல்லனுக்குக் கிடையாது. அதன் பஞ்சு பறந்து தறியில் ஓடுகிற பாவு நூலில் ஒட்டுமாம், அதனால் பீரோவின் மேல் ஒரு பழைய தலையணை உறைக்குள் கிடக்கும். எரிச்சலோடு அந்தத் துண்டு துக்காணிகளையே எடுத்துப் பின்னினேன். நாவல்பழக் கலரில் ஒரு உருண்டையை மட்டும் தொடவில்லை. எனக்கென்று ஒரு ஸ்கார்ஃப் பின்ன ஆறு வருஷமாக வைத்திருந்தேன்.

மஃப்ளர் முடிந்தது. குல்லாவில் பன்னிரண்டு கலர். கலர் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் நாலு விரல் நீளத்துக்கு வால் விட்டிருந்தேன். கடைசியில் அந்த வால்களை ஊசியில் கோத்துப் பின்னலுக்குள்ளேயே செருகினால்தான் குல்லா பிரியாமல் நிற்கும். அந்த வேலை மட்டும் பாக்கி. வியாழக்கிழமை ஒரு சாவுக்காகப் போளூர் போனேன்.

திரும்பி வந்தால், குல்லா தறிமேடையில் உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வைத்திருந்தது. ஒரு வால்கூட இல்லை. பக்கத்தில் அவருடைய சின்னக் கத்தரி. புட்டாச் சேலையின் பின்பக்கம் தொங்குகிற இழைகளை ஒட்ட நறுக்குவாரே, அதே கத்தரி.

"எப்டி க்ளீனா கீது பாத்தியா? தறிக்காரன் பொண்ணு நூல் தொங்கிகினு போனா நாலு பேரு இன்னா சொல்வான்?"

நான் குல்லாவை இரண்டு கையாலும் இழுத்தேன். பச்சை முடிந்து நீலம் ஆரம்பிக்கிற இடத்தில் வாயைப் பிளந்தது. இன்னொரு இழு. இன்னொரு வாய். அவர் முகம் போன போக்கைப் பார்த்தும் எனக்கு மனசு இரங்கவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ? உன் தறியில நான் கத்தரி வெச்சா சும்மா இருப்பியா?"

இருபத்து நாலு வருஷமாக அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டவள். அவருக்கும் அது உறைத்தது. "நீன்றியா?" என்றார். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பொழுது முழுக்க வேறு குல்லா பின்னினேன். வேறு நூல் ஏது? நாவல்பழ உருண்டைதான். ஒவ்வொரு வரிசைக்கும் அவரைத் திட்டினேன். காதில் விழட்டும் என்று சத்தமாகவே திட்டினேன்.

சனிக்கிழமை மகள் குல்லாவைத் தலையில் மாட்டிக்கொண்டே பஸ் ஏறினாள். பஸ் நகர்ந்ததும் அவர், "எப்டியோ மூட்டையும் தீந்துடுச்சி" என்றார். சமாதானம் பேசுகிறாராம்.

"அது என் நூல். எனக்குன்னு வெச்சிருந்தது. வாங்கிக் குடு."

"இன்னா கலரு?" என்றார்.

யார் யாரோ கட்டப்போகிற சேலைக்கெல்லாம் கலர் கேட்டுக் கேட்டு நெய்கிற மனுஷன். என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

"நாவல்பழக் கலரு. அதே கலரு. கெடைக்கலன்னா நீயே சாயம் காச்சிக் குடு."