எர்லன்ஸ்டைன் கோட்டையின் குகன் அண்ணை

செய்தி வந்தபோது பாரிசில் லா சப்பல் மெட்ரோப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். நம் ஒலிபரப்பின் நேயர் குழுவில் யாரோ ஒரு விளக்குப் படம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே குகன் அண்ணையின் பெயர். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மாரடைப்பில் போய்விட்டாராம். ரயில் வந்தது, போனது, நான் ஏறவில்லை. முதல்நாள் அவர் அனுப்பிய குரல்பதிவு ஒன்று கேட்கப்படாமலே கிடந்தது. ரயில் மேடையில் அங்குமிங்கும் நடந்தபடி கேட்டேன்.

"பிள்ளை, சீமாட்டியின்ர கதையை இப்ப ஏத்திப்போடாதை. முதல் ஜெயந்தியிட்டை நான் நேரை சொல்லோணும். ஞாயிற்றுக்கிழமை போறன்."

அவர் சொன்ன அந்தக் கதையைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, படமெல்லாம் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். ஒரு பொத்தானை அழுத்துவதுதான் மிச்சம்.

அவருடைய ஒலிபரப்பை நான் கண்டுபிடித்தது தற்செயலாக. ஜெர்மனியின் எர்லன்ஸ்டைன் என்ற சின்ன ஊரையும் அதன் கோட்டையையும் பற்றி யாழ்ப்பாணத் தமிழில் ஒருவர் பேசிக்கொண்டே போகிறார். கூரை ஒழுகியதால் காட்டைத் துண்டு துண்டாக விற்ற கோமகன், பியர் காய்ச்சும் உரிமைக்காகக் கோட்டையோடு வழக்காடிய ஊரார். நான் பைத்தியமாகிவிட்டேன். குரலுக்குரியவர் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே மரக்கறிக் கடையில் நிற்கிறார் என்று தெரிந்ததும் ஓடினேன்.

"நீங்களோ அந்த எர்லன்ஸ்டைன் அண்ணை?"

"ஓம். வெங்காயம் வேணுமோ, வரலாறு வேணுமோ?"

பின்னால் நின்ற ஒருவர் விடவில்லை. "அரண்மனையார், கதையை விட்டிட்டு முருங்கைக்காயை எடும்."

அன்றிலிருந்து அவர் கதைகளைப் பதிவுசெய்து ஏற்றுவது என் வேலையாயிற்று. அரண்மனையார் என்பது கேலிதான், ஆனால் பொய்யில்லை. 2009இல் யுத்தம் முடிந்தபின் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தவரை அந்தக் கோட்டையில்தான் தங்கவைத்தார்கள். வாரிசு இல்லாமல் அரசிடம் போன கட்டடம், அப்போது அகதி முகாம். அனுமதியில்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. "வெளியிலை போக ஏலாட்டி உள்ளுக்கை போகவேண்டியதுதான்" என்பார். அகராதியோடு ஊர் நூலகத்தில் போய் உட்கார்ந்தது அப்படித்தான். "கோமகன்ர மான் வெந்த குசினியிலை எங்கட மீன்குழம்பு கொதிச்சது, பிள்ளை. அதுகும் வரலாறுதான், ஆரும் எழுதேல்லை."

முகாம் வாசலில் ஒரு கற்சிலை. முக்காடிட்ட பெண், கூப்பிய கைகள், இடுப்பிலிருந்து தொங்கும் ஏதோ ஒன்று. நம்மவர்கள் அதைச் செபமாலை என்றார்கள். மாதா என்று முடிவாகிவிட்டது. கத்தோலிக்கர் மெழுகுதிரி கொளுத்தினார்கள், சைவர்கள் பூ வைத்துக் கும்பிட்டார்கள். அங்கேயே இருந்த ஜெயந்தி அக்காவுக்கு விசா கிடைத்தது. அவர் கல்யாணம் கட்டிப் பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலுக்கு வந்தபோது சிலையின் படத்தையும் கொண்டுவந்து சாமித்தட்டில் வைத்தார். குகன் அண்ணையின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் பாரிசுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

அது மாதா இல்லை என்பதை அவர் நூலகத்தில் எப்போதோ படித்துவிட்டார். அவள் கோட்டையின் சீமாட்டி. பழைய யுத்தம் ஒன்றில், எரிந்த கிராமங்களிலிருந்து ஓடிவந்தவர்களை உள்ளே விடாமல் வாசலைப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டவள். வெளியே நின்றவர்கள் பனியில் செத்தார்கள். ஊர் தப்பியது. நன்றிக்கு ஊரார் வைத்த சிலை. மழையில் தேய்ந்த சாவிகளைத்தான் நம்மவர்கள் செபமாலை என்று நினைத்தார்கள். அகதிகளை விரட்டியவளிடம் அகதிகள் கையேந்தியிருக்கிறார்கள். தெரிந்த பிறகும் அவர் மற்றவர்களோடு நின்று மெழுகுதிரி கொளுத்தினார். "ஜெயந்தி அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டது. நான் தட்டிவிடுறதோ?"

செத்த வீட்டில் ஜெயந்தி அக்காவைப் பார்த்தேன். சீமாட்டியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. குழுவிலோ நீங்கள் "கடைசிக் கதை எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பொத்தானுக்கு மேல் விரலை வைப்பதும் எடுப்பதுமாக அந்த வாரம் போயிற்று. அவர் போவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, நான் லெ பிளாங்-மெனிலுக்குப் போனேன்.

சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் சீமாட்டி. முன்னால் சுடர். தேத்தண்ணி ஆறும்வரை இருந்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அக்கா. "முகாமிலை துப்பரவாக்க வாற மனுசி அப்பவே சொல்லிப்போட்டா. குகன் அண்ணை விசா இல்லாமல் தவிச்சுக்கொண்டு கொளுத்துறார். அவரிட்டை என்னெண்டு சொல்லுறது?"

"அவருக்கும் தெரியும், அக்கா. உங்களுக்காகத்தான் கொளுத்தினவர்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "விசரன், சரியான பைத்தியம்" என்றார் மெல்ல. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஏன் இன்னும் விளக்கு வைக்கிறியள்?"

"கதவைத் திறக்கச் சொல்லி ஆரிட்டைக் கேக்கிறது, பிள்ளை? பூட்டினவவிட்டைத்தானே. சாவி அவவின்ர இடுப்பிலை எல்லோ."

கதையை இன்று ஏற்றிவிட்டேன். அக்கா சம்மதித்ததால் அவருடைய இந்தப் பதிலையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். குகன் அண்ணைக்குத்தான் அதைக் கேட்கக் கிடைக்கவில்லை. கையில் கிடைத்ததை அந்த நிமிடமே உலகத்துக்குப் போட்டுவிடுகிறவள் நான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஞாயிற்றுக்கிழமையை: ஊருக்குச் சொல்வதற்கு முன், நோகப்போகிறவரின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கென்று அவர் ஒதுக்கிவைத்த நாளை.