பானைக்குப் பக்கத்தில் நின்ற பிரான்ஸ் சேவல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு நிச்சயதார்த்த விருந்தில் சாப்பிட்டேன். வடை பிரமாதம். பாயசம் சுமார். ஆனால் என் மானத்தை வாங்கியது ஒரு சேவல்!

குழம்பில் கிடந்த சேவல் இல்லை, பயப்படாதீர்கள். சுத்த சைவ விருந்து. நான் சொல்வது பிரான்ஸிலிருந்து விமானத்தில் வந்த சேவல். உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பொம்மை.

அடுத்த வீட்டு தணிகாசலத்துக்கு மில்லில் வேலை. அவர் மச்சான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறார் — எங்கள் ஊர் பாஷையில் 'சொல்தா'. பொங்கலுக்கு லீவில் வந்தவர் அக்காவுக்கு ஒரு சென்ட் பாட்டிலும் மாமாவுக்கு இந்தச் சேவலும் கொடுத்துவிட்டுப் போனார். இறக்கை நீலமாக இருந்தால் வெயில். ரோஸ் ஆனால் மழை.

அன்றோடு தணிகாசலம் ரேடியோவில் வானிலை கேட்பதை நிறுத்திவிட்டார். மில்லுக்குக் குடை வேண்டுமா, மாடியில் மிளகாய் காயவைக்கலாமா... எல்லாம் சேவல் உத்தரவுதான். பிரான்ஸ் சேவல் பொய் சொல்லுமா என்ன?

எங்கள் தெருவுக்கு நான்தான் விஞ்ஞானி. என்ன தகுதி என்கிறீர்களா? வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறேனே, போதாதா? சேவல் வந்த மறுநாளே தணிகாசலம் விளக்கம் கேட்டு வந்துவிட்டார். நானா விடுவேன்? (மாணவர்களே, அடுத்த இரண்டு பாராவை மட்டும் கவனமாகப் படியுங்கள். பரீட்சைக்கு உதவும். மற்றவர்கள் தாண்டிக் குதிக்கலாம்.)

சேவலின் ரகசியம் கோபால்ட். அது ஓர் உலோகம், அணு எண் 27. இரும்புக்கும் நிக்கலுக்கும் நடுவீட்டுக்காரர். வெள்ளி போல் மின்னும், லேசாக நீலம் ஓடும். காந்தம் இழுக்கும். ஜெட் என்ஜினுக்குள் அடிக்கிற சூட்டைக்கூட கோபால்ட் கலந்த உலோகம் தாங்கி நிற்கும். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அந்த ஆழமான நீலத்தைக் கொடுப்பது இதன் சேர்மங்கள்தான். வைட்டமின் பி-12 வடிவில் துளியூண்டு நம் உடம்பிலும் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சுகிறார்களே, அதற்கு கோபால்ட்-60 என்று ஒரு வகை.

பெயர் வந்த கதை வேடிக்கை. அந்தக் காலத்து ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் வெள்ளி என்று நம்பி ஒரு கல்லை உருக்கினார்கள். வெள்ளி வரவில்லை. அதில் கலந்திருந்த ஆர்செனிக்கால் விஷப்புகைதான் வந்தது. 'குட்டிச்சாத்தான் வேலை' என்று சபித்து, அவர்கள் ஊர் குட்டிச்சாத்தானின் பெயரையே வைத்துவிட்டார்கள். சேவல் மேல் பூசியிருப்பது கோபால்ட் குளோரைடு. காய்ந்திருந்தால் நீலம், காற்றின் ஈரத்தைக் குடித்தால் ரோஸ். வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள், நஞ்சு!

இத்தனையும் கேட்டுவிட்டு தணிகாசலம் சொன்னார்: "அப்ப சேவலு கரெக்டாத்தான் சொல்லுது!"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் மகள் அமுதா பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, கடைசி வருஷம். பங்குனியில் தவளக்குப்பத்திலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று பேசிவிட்டார்கள். திங்கட்கிழமை அமுதாவுக்கு முதல் பரீட்சை!

அதனால் என்ன, மறுநாள் போய் எழுதட்டுமே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

"நிச்சயம் ஆன பொண்ணு பஸ் ஏறிப் போனா ஊரு கண்ணு பட்டுடும் சார். தாலி ஏர்ற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாது. எங்க வழக்கம்."

"மூணு வருஷம் படிச்சிருக்கேன்பா! எழுதலன்னா அம்புட்டும் வீணா?" என்றாள் அமுதா.

"பரீட்சை எங்க ஓடிப்போவுது? மாப்ள ஓடிப்பூடுவாரு."

எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். மனிதர் அசையவில்லை. அமுதாவும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்... எத்தனை பெரிய விஞ்ஞானி நான்!

புதன்கிழமை தணிகாசலம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், சேவலு செவந்துபூடுச்சு!"

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். கடலோர ஊர் என்பதால் எங்கள் சேவல் பாதி நாள் கத்தரிப்பூ நிறத்தில் குழம்பிக்கொண்டுதான் நிற்கும். ஆனால் இந்த வெயிலில் முழு ரோஸா?

"மொட்ட மாடியிலதான் பந்தல் சார். ரெண்டு வேன்ல ஜனம் வருது. மழ வந்துட்டா எங்க உக்கார வைக்கிறது? மொத மொத சம்பந்தி வீட்டுக்காரங்கள நனய வெச்சு அனுப்புனா வெளங்குமா?"

போய்ப் பார்த்தேன். வழக்கமாக ரேடியோ மேல் நிற்கிற சேவல் இடம் மாறியிருந்தது. ஈரத்துணி சுற்றிய குடிதண்ணீர்ப் பானையை ஒட்டிக்கொண்டு, வெட்கப்பட்ட புதுப்பெண் மாதிரி சிவந்து நின்றது.

"ரேடியோ சூட்டுல சாயம் போயிடும்னு இங்க வெச்சேன் மாமா," என்றாள் அமுதா. சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். கண்ணில் குறும்பு துளியும் இல்லை, பயம்தான் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மூன்று வருஷப் படிப்பு அவ்வளவுதான்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "தணிகாசலம் அண்ணே, கோபால்ட் பொய் சொல்லாது. ஈரம் இருக்குது, அதான் செவந்திருக்கு."

இதில் பொய் உண்டா? ஈரம் எங்கிருந்து வந்தது என்று சேவல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தகவல் போய், மறுநாள் மாப்பிள்ளை இளங்கோவே பஸ் பிடித்து வந்துவிட்டார். சேவலைப் பார்த்தார். தாகமாக இருக்கிறது என்று பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்: "பெரிய மழைதான் மாமா. பரீட்சையெல்லாம் முடியட்டும், அப்புறமா வெச்சிக்கலாம். எங்க வீட்டுல நான் பேசிக்கிறேன்."

பாவம், அப்பாவிப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு வந்தது. வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. தணிகாசலம் கொதித்துப்போய் வந்தார். "இன்னா சார், ஒரு தூத்தல்கூட இல்லயே?"

"பிரான்ஸ் சேவலாச்சே அண்ணே. மழை அங்க பெஞ்சிருக்கும்."

மனிதர் யோசித்தார். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்! அமுதா எல்லாப் பரீட்சையும் எழுதி முடித்தாள். அந்த நாட்களில் ஒவ்வொரு முறை அவள் பஸ்ஸுக்கு நடப்பதைப் பார்க்கும்போதும், ரகசியத்தைக் காப்பாற்றிய புண்ணியவான் நான்தான் என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு.

அப்படித்தான் சென்ற ஞாயிறு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். தட்டு மாற்றி, பாக்கு வெற்றிலை கொடுத்து, எல்லாம் முடிந்தது. மாப்பிள்ளை தன் பங்குக்குப் பெண்ணிடம் ஒரு சின்னத் துணிப்பை நீட்டினார். உள்ளே ஜவ்வரிசி போல நீல நீலமாக மணிகள்.

அவருக்குக் கடலூர் ரோட்டில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"சிலிக்கா ஜெல். மருந்துப் பெட்டியில ஈரம் ஏறாம இருக்க நாங்க போடுறது. இதுலயும் கோபால்ட்டுதான். கண்ணாடி ஷோகேஸுல சேவலோட வெச்சிடுங்க, நீலமாவே இருக்கும். இனிமே அது பானை பக்கம் போவ வேண்டியதில்ல."

அமுதா பையிலிருந்து சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப... அன்னிக்கே தெரியுமா?"

"தண்ணி குடிக்கும்போதே!"

எனக்கு உள்ளே பூரித்திருந்தது அத்தனையும் புஸ்ஸென்று இறங்கியது. அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பி, தணிகாசலம் காதில் விழும்படி கேட்டார்: "நீங்கதானே இந்தத் தெரு விஞ்ஞானி? சேவலு அன்னிக்கு ஏன் செவந்துச்சுன்னு உங்களுக்குமா தெரியல?"

தணிகாசலம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அமுதாவும்தான்.

"தெரியல தம்பி," என்றேன்.

போகட்டும். அமுதாவுக்கு ரிசல்ட் வரட்டும், எங்கள் தெருவுக்கு நிஜமாகவே ஒரு விஞ்ஞானி கிடைப்பாள்!