ஒன்பது அங்குல ஜாலி

1. நுழையவில்லை

ஓட்டை ஓட்டையான பீங்கான் தடுப்பு, அதுதான் ஜாலி; முதல் ஜாலியைத் தூக்கி இரண்டு தூண்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார் கொத்தனார். நுழையவில்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் நுழையவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் இன்னொரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன், ஏதோ அந்தப் பெட்டியில் இருப்பவை மட்டும் என் மீது இரக்கப்பட்டுச் சின்னதாகப் பிறந்திருக்கும் என்பதுபோல. எல்லாம் ஒன்பது அங்குலம். தூண்களின் இடைவெளி எட்டே கால்.

விருத்தாசலத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆபீஸ் போட்டிருக்கும் ஆர்க்கிடெக்ட் நான். கருவேப்பிலங்குறிச்சியில் சந்திரா அக்காவுக்காகக் கட்டிய தையல் கூடம் அது. அக்காவிடம் பதினான்கு பெண்கள் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்கள், தகரக் கொட்டகைக்குள். அதற்கு முந்தைய ஆண்டு கத்திரி வெயிலில் தமிழரசி என்பவர் மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்ததில், ஊசி விரலைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு அக்கா எல்லாரையும் உட்காரவைத்து, அடுத்த கத்திரிக்கு ஒருத்தரும் தகரத்துக்குக் கீழே உட்கார மாட்டீர்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஜாலி நுழையாத அன்று கத்திரிக்குப் பதினாறு நாள் இருந்தது.

2. என் அறிவு

தப்பு எங்கே நடந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நவீனமும் வேண்டும், ஊரும் தெரிய வேண்டும் என்பது என் திட்டம். மேற்குச் சுவருக்குப் பதிலாக மெல்லிய காங்கிரீட் தூண்களை வரிசையாக நிறுத்தினேன். தூண்களுக்கு நடுவே, எங்கள் ஊர்ப் பீங்கானில் வார்த்த, ஓட்டை ஓட்டையான ஜாலிகள். ஓட்டைகளின் வடிவத்தைப் பழைய கோயில் ஒன்றின் கல் ஜன்னலைப் பார்த்து வரைந்தேன். ஏசி வேண்டாம், காற்று வரும், வெளிச்சம் வரும் என்று அக்காவிடம் அரைமணி நேரம் பேசினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கத்திரிக்குள் முடியுமா என்று.

பீங்கான் களிமண் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். எட்டு அங்குலத்தில் சுட்ட சாமான் வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்பதில் வார்க்க வேண்டும். பீங்கான் சூளைகள் நிறைந்த விருத்தாசலத்தில் இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசை. வரைபடத்தில் எட்டு என்று எழுதாமல், சுருக்கத்தைக் கூட்டி ஒன்பது என்று எழுதி, மோல்டு செய்யும் அந்தோணி அண்ணனிடம் கொடுத்தேன். கூட்டியிருக்கிறேன் என்று வாயால் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்து, ஆளு விஷயம் தெரிந்தவர்தான் என்று மெச்சட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் கண்டுபிடிக்கவில்லை. அவர் பங்குக்கு அவரும் கூட்டிவிட்டார்.

டேப்பும் கையுமாகச் சைட்டுக்கு வந்தவர், ஒரு ஜாலியை நாலு பக்கமும் அளந்தார்.

"ஒம்போதுன்னு எழுதியிருந்தீங்க, ஒம்போது வந்திருக்குது. நூல் பிசகல."

"சுருக்கத்தயும் சேத்துத்தாண்ணே எழுதினேன்."

"அது எங்க வேலைங்க. படத்துல இருக்கறது சுட்ட அளவுன்னுதான் நாங்க எடுத்துக்குவோம். உங்கள யாருங்க கூட்டச் சொன்னது?"

வெளியூர் ஆர்க்கிடெக்டாக இருந்திருந்தால் அப்பாவியாக எட்டு என்று எழுதி, எட்டையே வாங்கிக்கொண்டு போயிருப்பார். இந்தத் தப்பைச் செய்ய உள்ளூர்க்காரனாகப் பிறந்திருக்க வேண்டும்.

மறுபடி வார்க்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். புது மோல்டு செய்து, வார்த்ததைக் காயவைத்து, அதற்கு மேல் சூளைக்குக் காத்திருக்க வேண்டும். சூளையில் கொலு பொம்மைகள் வரிசையில் இருந்தன. ஒன்றரை மாதம் என்றார். தூணை உடைக்கலாமா என்றேன். கொத்தனார் கூரையைக் காட்டினார். கூரை அந்தத் தூண்கள் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அதுவும் என் டிசைன்தான்.

3. படுதா

சந்திரா அக்கா வந்தபோது நான் ஒரு யோசனையோடு தயாராக இருந்தேன். இப்போதைக்குத் தூண்களுக்கு நடுவே படுதா கட்டிக்கொள்ளலாம், ஜாலி வந்ததும் எடுத்துவிடலாம் என்றேன். அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"படுதா கட்டிக்கிட்டுப் புழுங்கறதுக்கு எனக்கு அந்தத் தகரக் கொட்டாயே போதும் சார். அந்தப் பொண்ணுங்க மொகத்த நான் எப்படிப் பாக்கறது?"

அவரோடு வந்திருந்த தமிழரசி இதையெல்லாம் கேட்டபடி ஒரு ஜாலியைக் கையில் எடுத்துவைத்திருந்தார். வலது ஆட்காட்டி விரலில் அந்தத் தழும்பு தெரிந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் ஜாலியைத் தூணிடுக்கில் நேராக வைத்தார், இடித்தது. கொஞ்சம் சாய்த்துத் திருப்பினார். கதவு பாதி திறந்து நிற்பதுபோல ஜாலி இடுக்குக்குள் போய், இரண்டு பக்கமும் மூலை தொட்டு நின்றது.

"பாவாட இடுப்பு பெருசாப் போயிட்டா துணியத் தூக்கியா போட்டுடுவோம்? மடிப்பு வெச்சுப் புடிச்சுடுவோம் சார். இதையும் இப்படி மடிப்பாட்டம் வெச்சா என்னா?"

எலிவேஷன் கெட்டுப்போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளையாக அக்கா அதற்குள் கொத்தனாரிடம் கலவை போடச் சொல்லிவிட்டார்.

4. நாலு மணி

சாம்பிளுக்கு ஒரு இடுக்கை மட்டும் முடித்தார்கள். பக்கத்து இடுக்கின் முகப்பில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, ஒரு ஜாலியை நேராக நிறுத்திக் கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். என் பழைய டிசைன்தான் அழகு என்று நிரூபிக்கும் எண்ணம் இன்னும் போகவில்லை.

நாலு மணிக்கு வெயில் இறங்கியது. நேராக நின்ற ஜாலியின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் அது பளீரென்று உள்ளே விழுந்தது. விழுந்த இடம் தையல் மெஷின்கள் வரப்போகும் இடம். சாய்த்து வைத்தவை தெற்குப் பக்கம் திரும்பியிருந்தன. கோடையில் சூரியன் வடமேற்கே சாய்ந்து இறங்குவதால் வெயில் அவற்றின் மேல் சாய்வாகப் பட்டு, ஓட்டைகளின் தடிமனிலேயே நின்றுவிட்டது. ஓட்டைகளில் காற்று மட்டும் வந்தது.

கோயில் ஜன்னலைப் படம் எடுத்தேன், அளவெடுத்தேன். அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பார்க்கவில்லை. என் கணக்கு சரியாக இருந்து ஜாலி எட்டு அங்குலத்தில் வந்திருந்தால், தமிழரசி இன்னொரு முறை மயங்கி விழுந்திருப்பார், இந்தத் தடவை கோயில் டிசைன் நிழலில்.

பத்து நாள் வேலை. கத்திரிக்கு முதல் நாள் மெஷின்கள் வந்து இறங்கின. மேற்குச் சுவரை ஒட்டிய இடத்தைத் தமிழரசி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

5. கான்செப்ட்

அந்த மடிப்புச் சுவர் கொஞ்சம் பேர் வாங்கிவிட்டது. போன வருடம் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு சுவருக்கு முன்னால் நின்று, பாவாடை மடிப்பும் கோயில் ஜன்னலும் இந்த மண்ணும் சந்திக்கும் இடம்தான் இதன் கான்செப்ட் என்று தொடங்கினேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்கே என் மேல் மரியாதை வந்துகொண்டிருந்தது.

தமிழரசியின் மெஷின் நின்றது.

"சார், அளவு தப்பாப் போச்சுன்னு சொல்லுங்க. பாவம், அந்தப் புள்ளைங்களும் நாளைக்கு வூடு கட்டப் போவுதுங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் எல்லாம் நின்றன. வேறு வழியில்லாமல், ஒன்பது அங்குலத்திலிருந்து கதையைச் சொன்னேன். கான்செப்டைவிட அதைத்தான் கவனமாகக் கேட்டார்கள்.

இப்போது என் வரைபடங்களில் ஒவ்வொரு அளவுக்குக் கீழும் 'சுட்ட அளவு, நான் எதையும் கூட்டவில்லை' என்று எழுதிவிடுகிறேன். அப்படியும் அந்தோணி அண்ணன் போன் போட்டு, நிஜமாகவே கூட்டவில்லையா என்று கேட்டுக்கொண்டுதான் மோல்டில் கை வைக்கிறார். இன்னொன்றும் செய்கிறேன். சுவர் எங்கே வரப்போகிறதோ அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு, நாலு மணி வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே தினமும் உட்காரப்போகிறவர் நானில்லை என்பதால்.