பெர்ரியில் சொன்னது

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் வாணி எங்கள் சேவை மன்றத்தில் சேர்ந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் கூடும் சின்ன மன்றம் அது. இரத்ததான முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை, கிள்ளான் முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒரு வேளைச் சாப்பாடு என்று எங்களால் ஆனதைச் செய்துகொண்டிருந்தோம். வாணி கல்யாணம் செய்துகொள்ளாதவர். கார் இருந்தது, நேரம் இருந்தது. எழுத வேண்டும் என்ற ஆசை இளவயதிலிருந்தே உள்ளே கிடந்தது. சில மாதங்களிலேயே மன்றத்தின் மாத மடலை அவரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

அதுவரை மடலில் யார் தலைமை தாங்கினார், யாருக்கு மாலை போட்டார்கள் என்பதுதான் வரும். வாணி மன்றச் செய்திகளோடு பயணக் கட்டுரையும் சேர்த்தார். கேமரன் மலை, தைப்பிங், மேடான் என்று போன இடத்தையெல்லாம் எழுதினார். படிக்க நன்றாக இருக்கும். வாட்ஸ்அப்பில் மடல் வந்தால் முன்பு திறந்துகூடப் பார்க்காதவர்கள், “இந்த மாசம் இன்னும் வரலையா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை முகமே சொல்லும். எழுத்துக்காரி என்று யாராவது வேடிக்கையாகக் கூப்பிட்டாலும் மறுக்கமாட்டார்.

டயாலிசிஸுக்குப் போகிறவர்களைக் காரில் ஏற்றிப் போய் விடுவதும் மன்றத்தின் வேலைகளில் ஒன்று. வாணிக்குக் கிடைத்தவர் காத்தூன் பீவி. மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவி. கணவர் போன பிறகு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். முதல் நாளே, முன் இருக்கையில்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டார். நோயாளி மாதிரிப் பின்னால் சாய்ந்துகொண்டு போவது அவருக்குப் பிடிக்காது. வாணியின் புடவையைத் தொட்டுப் பார்த்து, எந்த ஊர் நெசவு என்று சொல்வார். ஏமாந்து வாங்கியிருந்தால் அதையும் சொல்வார். போகப் போக, டயாலிசிஸ் இல்லாத நாளிலும் வாணி அங்கே தேநீர் குடிக்கப் போனார். மன்றம் சேர்த்து வைத்த பழக்கம்தான். ஆனால் நாளடைவில் மன்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் போயிற்று.

மன்றத்தின் ஆண்டுப் பயணம் பினாங்குக்கு என்று முடிவானது. கடலைக் கடந்து தீவுக்குப் போகும் பெர்ரிக் கப்பலில் போனதே இல்லை என்று காத்தூன் பீவி சொல்லியிருந்ததால், டயாலிசிஸ் இல்லாத ஒரு ஞாயிறாகப் பார்த்து வாணிதான் நாள் குறித்தார். கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினோம். ஈப்போ வரை செம்பனைத் தோட்டம், அதைத் தாண்டி வயல். காத்தூன் பீவி ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறியதும் நாங்கள் எல்லாரும் படம் எடுப்பதில் மும்முரமானோம். அவரும் வாணியும் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார்கள்.

அங்கேதான் காத்தூன் பீவி தன் மகனைப் பற்றிச் சொன்னார். அம்மார் பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கிறான், செமினியில் வீடு. மருமகள் ஷிரீனோடு ஏதோ ஒரு பேச்சில் மனத்தாங்கல் வந்த பிறகு அவன் இந்தப் பக்கம் வருவதில்லை. வேலை வேலை என்று அலைகிறான் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்.

“பெருநாளன்னிக்கு நானே ஃபோன்ல பிரியாணி ஆர்டர் பண்ணுவேன் வாணி. எதிர்வீட்டுச் சீதாலெட்சுமி கேட்டா, அம்மார் அனுப்பி வச்சான்னு சொல்லுவேன். அவளுக்கும் ஒரு தட்டு குடுப்பேன்லா” என்று சொல்லிச் சிரித்தார்.

வாணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மாதக் கட்டுரை வாணிக்குச் சரியாக அமையவில்லை. ரயிலையும் வயலையும் கடலையும் பல விதமாக எழுதிப் பார்த்தார், உயிரில்லாமல் கிடந்தது. கடைசியில் பிரியாணி விஷயத்தை எழுதினார். பெயர் போடவில்லை, “எங்களோடு வந்த ஒரு தாய்” என்று மட்டும் போட்டார். ஆனால் கட்டுரையோடு சேர்த்த படத்தில், கடலைப் பார்த்தபடி நின்றது காத்தூன் பீவிதான். முகம் பாதிதானே தெரிகிறது என்று சமாதானம் செய்துகொண்டாராம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பின்னால் நான் கேட்டேன்.

“கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு தெரியும். அதான் கேக்கல” என்றார்.

அது போல் ஒரு கட்டுரை எங்கள் மடலில் வந்ததில்லை. படித்துவிட்டு அழுதேன் என்று பலர் எழுதினார்கள். மற்ற மன்றங்களின் குழுக்களுக்கும் போயிற்று. எதிர்வீட்டுச் சீதாலெட்சுமிக்கும் யாரோ அனுப்பினார்கள். அவர் நல்லவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் குழம்போடு போய்க் காத்தூன் பீவியின் கதவைத் தட்டினார். இனிமேல் பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றார். விஷயம் எங்கிருந்து வந்தது என்று காத்தூன் பீவிக்கு அப்போதுதான் தெரிந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியவர், அதன்பின் நடைக்கூடத்துக்கே வரவில்லை.

அம்மாரின் அலுவலகத்திலும் அது சுற்றியது. அந்த வாரக் கடைசியில் மனைவியோடு வந்தான். உள்ளே சத்தம் கேட்டது என்றார் சீதாலெட்சுமி. அடுத்த முறை வாணி அழைத்துப் போக வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. செமினிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், அங்கேயே டயாலிசிஸுக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது என்று தெரிந்தது. வாணியின் போனை யாரும் எடுக்கவில்லை.

மன்றக் கூட்டத்தில் தலைவர் பரமேஸ்வரன் எழுந்து, பிரிந்திருந்த ஒரு குடும்பத்தை நம் மடல் சேர்த்து வைத்திருக்கிறது என்றார். எல்லாரும் கை தட்டினோம். வாணியும் கொஞ்ச நாள் அதை நம்பப் பார்த்தார்.

தீபாவளி முடிந்து ஒரு நாள், முன்னால் சொல்லாமலே செமினிக்குப் போனார். ஷிரீன் மரியாதையாக உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். வீடு பெரியது, சுத்தமாக இருந்தது. காத்தூன் பீவிக்குக் கீழே தனி அறை. மெலிந்திருந்தார். மருமகள் உள்ளே போகும் வரை மழையைப் பற்றியும் சாலை நெரிசலைப் பற்றியும் பேசினார்.

“அக்கா, நான் எழுதியிருக்கக் கூடாது” என்றார் வாணி.

“எம்மவன் வந்துட்டான். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க” என்றார் காத்தூன் பீவி. “ஊரு பேசுதேன்னுதான் வந்தான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒரு வீட்டுலதான் இருக்கோம், ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க மாட்டோம்.”

வாணி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான் உங்கிட்டதான் சொன்னேன் வாணி. மன்றத்துக்கிட்ட சொல்லல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பின்னால் என்னிடம் சொன்னார் வாணி. காத்தூன் பீவி வாசல் வரை வந்து, பார்த்துப் போ என்றுகூடச் சொன்னாராம். மறுபடி வா என்று சொல்லவில்லை.

அந்த மாதமே வாணி, மடலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று பரமேஸ்வரனிடம் கேட்டுக்கொண்டார். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மடலில் இப்போது மறுபடியும் தலைமையும் மாலையும்தான்.

வாணி மன்றத்தை விட்டுப் போகவில்லை. கிள்ளான் சாப்பாட்டுக்கு வருகிறார், பாத்திரம் கழுவுகிறார். டயாலிசிஸுக்கு இப்போது லோகன் என்கிற ஒரு பெரியவரை அழைத்துப் போகிறார். பேச்சுத் துணைக்கு ஏங்கும் மனிதர் அவர். சொந்தக் கதையை ஆரம்பித்தால், வாணி ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறாராம். “அந்தப் பொண்ணு ரொம்ப நல்லவங்க. ஆனா நாம சொல்றத ஒண்ணும் கேட்டுக்க மாட்டாங்க லா” என்று லோகன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.