இரண்டு கையால் குடித்த சாயா

கழக்கூட்டத்தில் ஹைவே ஓரம் தகரக் கொட்டகையில் தொடங்கிய சாயாக்கடையை மூன்று கடையாக்கியவன் நான். மாவு மில் வைத்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் தங்க நான்கு மாடியில் ஹாஸ்டல் கட்டினேன். நாகர்கோவிலிலிருந்து வந்தபோது கையில் இருந்தது ஐந்தாம் வகுப்புப் படிப்பும் ஒரு மாற்று வேட்டியும்தான். இத்தனையும் செய்தவனால் ஒரு சிகரெட்டை விட முடியவில்லை.

காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது, புகையை நிறுத்தாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்றார் டாக்டர். நின்று நின்று நான் சம்பாதித்த கால். கோயிலில் சூடம் ஏற்றி மூன்று தடவை சத்தியம் செய்தேன். மூன்றும் மறுநாள் பதினொரு மணிச் சாயாவைத் தாண்டவில்லை.

புகைப் பழக்கத்தை விட வைப்பதற்கென்றே அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளிப் பெண் இருந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் போனேன்.

"இப்ப நிறுத்த வேண்டா அண்ணாச்சி. எப்ப பத்த வைக்கிறீங்க, அதுக்கு முன்ன என்ன செஞ்சீங்க, அது மாத்திரம் எழுதிட்டு வாங்க."

"ரெண்டு கையும் சாயா அடிச்சிட்டு நிக்கும்போ எங்க மோளே எழுத?"

"பின்ன கடையில உள்ளத வச்சு அடையாளம் போடுங்க."

போட்டேன். சாயாவோடு புகைத்தால் ஒரு கண்ணாடி கிளாஸைக் கவிழ்த்து வைப்பேன். மற்ற நேரம் என்றால் ஸ்டீல் டம்ளர். சாயங்காலம் பலகை முழுக்கக் கண்ணாடி கிளாஸ்கள், ஓரத்தில் ஒரே ஒரு டம்ளர். நாற்பது வருஷமாக நான் சிகரெட் பிடித்ததாக நினைத்திருந்தேன். என் சாயாதான் என்னைப் பிடிக்க வைத்திருக்கிறது! என் கடைப் பக்கமே வராத ஒரு பெண் இதை எப்படிக் கண்டாள்?

"அப்போ சாயா குடிக்கிற இடத்த மாத்துங்க" என்றாள், மறுபடி போய்ச் சொன்னபோது.

நான் சாய்ந்து நிற்கும் தூணில்தான் வாடிக்கைக்காரர்களுக்கான லைட்டர் கயிற்றில் தொங்கும். அறுத்துப் போட்டேன். பின்கட்டில், கிரைண்டர் பக்கம் போய்க் குடித்தேன். அப்போதும் வலது கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. சாயாவை ஆற்றி அடிக்கும்போது எனக்குச் சிகரெட் நினைப்பே வருவதில்லை. இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. கஞ்சிக் கிண்ணம் நிறையச் சாயாவை ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன்.

"என்ன அண்ணாச்சி, காலையிலேயே கஞ்சியா?" என்றார் கை கழுவப் பின்னால் வந்த ஆட்டோக்காரர்.

"காலுக்குக் கஞ்சிவே! நீரும் ஒரு கிண்ணம் குடியும்."

மழைக்காலம் முடிவதற்குள் சிகரெட் விட்டுப்போனது. கால் தப்பித்தது என்று டாக்டரே சொன்னார். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை: மூன்று சத்தியத்துக்கு மசியாதது ஒரு கிண்ணத்துக்கு மசிந்தது.

போன வாரம் போனபோது அவள் அறைச் சுவரில் புதிதாக ஒரு படம். நான் அவளிடம் சொன்னதுபோலவே கிண்ணத்தை ஏந்திய இரண்டு கைகள், கீழே மலையாளத்தில் இரண்டு வரி. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டித்தான் சொல்கிறாளாம். கிளாஸ் கணக்கு அவள் வித்தை, ஒப்புக்கொள்கிறேன். கிண்ணம் என்னுடையது. பேர் போட வேண்டாம். கழக்கூட்டத்துச் சாயாக்கடைக்காரர் கண்டுபிடித்தது என்று கீழே எழுத வேண்டும். தமிழிலும் எழுத வேண்டும். நான் வாசிக்க வேண்டாமா?